ஹுலானைப் பற்றி நாலு நல்ல வார்த்தை

அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. என் சலவைக்கடைக்குத் தெருப்பக்கம் முழுக்கக் கண்ணாடி, எதிரே சங்ஹூ அம்மாவின் பதார்த்தக் கடை, அவ்வளவுதான். இஸ்திரிப் பெட்டியிலிருந்து தலையைத் தூக்கினால் அவள் கடை வாசல்தான் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு இஸ்திரி போட்டால் வாடிக்கைக்காரர் சட்டை கருகிவிடும்.

சங்ஹூ அம்மா சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வகை வகையாகச் செய்து டப்பாவில் அடைத்து விற்கிறவள். கடைக்கு மேலே இரண்டு மாடி. அதை ஒற்றை ஒற்றை அறையாகத் தடுத்து, பல்கலைக்கழகப் பின்வாசல் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள். வாடகையை வங்கியில் போடக் கூடாது; மாதம் பிறந்ததும் கையில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஒப்பந்தமும் எழுத மாட்டாள். கேட்டால், "நமக்குள்ள எதுக்கு இந்தப் பேப்பரெல்லாம்" என்பாள். வரி அலுவலகத்துக்கும் அவளுக்கும் நடுவில்கூட எந்தப் பேப்பரும் இல்லை என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய் விட்டுச் சொன்னதில்லை. அந்த அளவுக்கு நாங்கள் நல்லவர்கள்.

மேல்மாடி மூலை அறையில் ஹுலான் இருந்தாள். மங்கோலியாவில் தர்ஹான் என்கிற ஊர்க்காரி. முதலில் எங்கள் மொழியைப் படிக்க வந்து, பிறகு வேதியியலில் முதுகலையும் முடித்தவள். நெடுநெடுவென்று உயரம், குளிருக்கு அசர மாட்டாள். நாங்களெல்லாம் பஞ்சு அடைத்த கோட்டுக்குள் ஆமை மாதிரி ஒடுங்கியிருக்கும்போது அவள் பொத்தான் கூடப் போடாமல் நடந்து போவாள்.

படிப்பு முடிந்ததும் அவளுக்குக் கிடைத்தது வேலை தேடுகிற விசா. பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. வேலையைத் தேடலாம்; செய்யக் கூடாது. தனி அனுமதி வாங்காமல் ஒரு கிண்ணத்தைக் கழுவிக் கூலி வாங்கினால்கூடத் தப்பு. கல்யாண வீட்டுப் பந்தி வாசலில் நிற்க வைத்து, வாசனை மட்டும் பிடித்துக்கொள் என்று சொல்கிற மாதிரி. எங்கள் பின்வாசல் தெருவில் இந்த வாசனை பிடிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர். சலவைக்கடைக்காரிக்கு அவர்கள் நிலவரம் சொல்லாமலே தெரியும். கறுப்புக் கோட்டும் பாவாடையும் அடிக்கடி இஸ்திரிக்கு வந்தால் நேர்முகத் தேர்வுகள் நடக்கின்றன. வருவது நின்றுவிட்டால் ஒன்று வேலை கிடைத்துவிட்டது, இல்லை நம்பிக்கை போய்விட்டது. எது என்பதை முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

ஹுலான் கோட்டு வருவது நின்றபோது அவள் முகம் மலர்ந்திருந்தது. ஊருக்கு வெளியே முகக் கிரீம் தயாரிக்கிற ஒரு சின்னக் கம்பெனி. மங்கோலியாவுக்குச் சரக்கு அனுப்புகிறார்கள். வேதியியலும் தெரிந்து மங்கோலிய மொழியும் தெரிந்த ஆள் வேண்டும். அவளை விட்டால் யார்? கம்பெனி அவளை எடுத்துக்கொண்டு, தேடுகிற விசாவை வேலை செய்கிற விசாவாக மாற்றக் குடியேற்ற அலுவலகத்தில் விண்ணப்பமும் போட்டுவிட்டது. பழைய விசா வருடக் கடைசியோடு முடிகிறது. மாற்றம் கிடைத்தால் ஜனவரியிலிருந்து வேலை. கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அதனால் அந்த நவம்பர் முழுக்க ஹுலான் தலையில் கண்ணாடிப் பாத்திரம் வைத்துக்கொண்டு நடக்கிறவள் மாதிரிதான் நடந்தாள்.

"அடியே, ரெண்டு நிமிஷம் கடையைப் பாத்துக்கோ. பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்" என்று சங்ஹூ அம்மா ஒரு நாள் சொன்னாள். நான் அப்போது அவள் கடையில் கருவாட்டு வறுவல் வாங்கிக்கொண்டிருந்தேன்.

"சித்தி, நான் கல்லாவுக்குப் பின்னாடி நிக்கக் கூடாது" என்றாள் ஹுலான்.

"யாருடி பாக்கப் போறா?"

"நீங்க போயிட்டு வாங்க. நான் வாசல்ல நிக்கறேன். யாராவது வந்தா, சித்தி பாத்ரூம் போயிருக்காங்கன்னு சொல்றேன்."

"ஐயோ, அதைச் சொல்லித் தொலைக்காதடி!"

அவ்வளவு ஜாக்கிரதையான பெண்.

நவம்பர் கடைசியில் கிம்ஜாங் வந்தது. குளிர்காலம் முழுமைக்கும் சேர்த்துக் கோஸில் மிளகாய் தடவிக் கிம்ச்சி ஊறுகாய் போடுகிற நாள். இன்றைக்கு உன் வீட்டில், நாளைக்கு என் வீட்டில் என்று தெருப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து போடுவோம். முடிந்ததும் வேகவைத்த பன்றிக்கறியைப் புதுக் கிம்ச்சியில் சுற்றித் தின்றுவிட்டு, ஆளுக்கொரு டப்பா எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். அதற்குக் கூலி என்று யாரும் பெயர் வைத்ததில்லை. சங்ஹூ அம்மா வீட்டுக் கிம்ஜாங்கில் மட்டும் ஒரு சிக்கல். வீட்டுக்குப் போடுவதும் கடைக்குப் போடுவதும் ஒரே குவியல். எது தின்ன, எது விற்க என்பது டப்பாவில் அடைக்கும்போது அவளுக்கே தெரிந்தால் அதிகம்.

ஹுலான் இந்த முறை தயங்கினாள். "சித்தி, விண்ணப்பம் உள்ள இருக்கு. நான் வரலாமான்னு தெரியலை."

சங்ஹூ அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "கிம்ஜாங்குக்கு வர்றதுக்கு விசாவா? போன வருஷம் வந்தே, அதுக்கு முந்தின வருஷம் வந்தே. இப்போ கிரீம் கம்பெனிக்காரி ஆயிட்டே, என் கோஸ் உனக்கு நாறுதா?"

எங்கள் தெருவில் கிம்ஜாங்குக்கு வராதவள் செத்தவீட்டுக்கு வராதவளுக்குச் சமம். ஹுலானுக்கு அது தெரியும். வந்தாள்.

கடைக்குப் பின்னால் நீலத் தார்ப்பாய் கட்டி, அதற்கடியில் உப்பில் ஊறிய கோஸ் மலையாகக் குவிந்திருந்தது. தொட்டி தொட்டியாக மிளகாய் மசாலா. நாங்கள் எல்லாரும் முழங்கை வரை சிவப்பு ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு இலையாக விரித்து மசாலாவைத் தடவிக்கொண்டிருந்தோம். வேலை செய்கிறவர்கள் பெண்கள். மேற்பார்வை பார்க்க இரண்டு ஆண்கள். ஒருவர் கறிக்கடைக்காரர், பன்றிக்கறி கொண்டுவந்ததால் உட்கார உரிமை பெற்றவர். இன்னொருவர் வட்டாரத் தலைவர் ஹோங் ஐயா. தெருவிளக்கு எரியவில்லை என்று நகராட்சிக்குச் சொல்வதுதான் அவர் வேலை. தோரணை என்னவோ அமைச்சர் மாதிரி.

ஹுலான் மசாலாவை விரல் நுனியால் தொட்டுத் தொட்டு வைத்தாள்.

"கோஸுக்குப் பவுடர் பூசறியாடி?" என்றாள் சங்ஹூ அம்மா. "உள்ள தள்ளு! அதை என்ன பொண்ணு பாக்கவா வரப் போறாங்க?"

"கிரீம் கம்பெனிக்குப் போறவ இல்லையா, அதான் தடவிப் பழகுறா" என்றார் கறிக்கடைக்காரர். எல்லாரும் சிரித்தோம். ஹுலானும் சிரித்தாள்.

அப்போதுதான் இரண்டு பேர் கடை வழியாகப் பின்பக்கம் வந்தார்கள். கண்ணாடி போட்ட நடுவயதுக்காரர் ஒருவர். குவாக் என்று கழுத்து அட்டையில் பெயர் போட்ட இளம்பெண் ஒருத்தி. குடியேற்ற அலுவலகம். ஒப்பந்தம் எழுதாத வீட்டுக்காரியாக இருந்ததால், 'இந்தப் பெண் என் வீட்டில் தங்கியிருக்கிறாள்' என்று மட்டும் சங்ஹூ அம்மா எழுதிக் கொடுத்திருந்தாள். அது உண்மைதானா என்று பார்க்க வந்திருக்கிறார்கள்.

"ஹுலான்ங்கறவங்க யாரு?"

"நான்தான்." எழுந்து நின்றாள். கையில் சிவப்புக் கையுறை, கன்னத்தில் மிளகாய்.

"என்ன செஞ்சிட்டிருக்கீங்க?"

"கிம்ஜாங்."

எல்லாரும் கொல்லென்று சிரித்துவிட்டோம். குவாக் கூட உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் அம்மாவும் அன்றைக்கு எங்கேயாவது ஒரு தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்திருப்பாள். விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கண்ணாடிக்காரர் சங்ஹூ அம்மா பக்கம் திரும்பி, ரொம்பச் சாதாரணமாக, "இவங்க எப்படி? கடையில கூடமாட உதவியா இருப்பாங்களா?" என்று கேட்டார்.

எங்கள் தெருவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் வெளியாள் இரண்டு பேர் வந்து, இன்ன வீட்டுப் பெண் எப்படி என்று விசாரித்தால், அது சம்பந்தம் பேசுகிற இடத்திலிருந்து வந்த ஆளாகத்தான் இருக்கும். அப்போது நாலு நல்ல வார்த்தை சொல்வது தெருவின் கடமை. படுத்துக் கிடக்கிற பெண்ணைப் பம்பரம் என்போம். சோறு வடிக்கத் தெரியாதவளுக்கு முப்பது பேருக்குச் சமைக்கிற கை என்போம். அப்படிச் சொல்லித்தான் எங்கள் எல்லாருக்குமே கல்யாணம் ஆனது. இப்போது யாரும் அப்படிப் பெண் கேட்டு வருவதில்லை. வாய் மட்டும் மறக்கவில்லை.

"உதவியா?" என்றாள் சங்ஹூ அம்மா, கையுறையைக் கழற்றியபடி. "சார், காலையில கடையைத் தொறக்கறதே இவதான். நான் எழுந்து வர்றதுக்குள்ள முள்ளங்கி சீவி, கீரை அலசி, எல்லாம் ரெடியா இருக்கும். மூணு ஆள் வேலையை ஒத்த ஆளா செய்வா. நான் சும்மா உக்காந்துதான் இருக்கேன்!"

"என் கடைக்கும் வருவா சார்" என்றார் கறிக்கடைக்காரர். "மங்கோலியாக்காரங்க ஆட்டுக்கறி கேட்டு வந்தா இவதான் பேசி வித்துக் கொடுப்பா." ஒரே ஒரு தடவை, கடை வழியாகப் போனபோது விலாக்கறி என்பதற்கு மங்கோலிய வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். அதைத்தான் சொன்னார்.

ஹோங் ஐயா விடுவாரா? "வட்டாரத் தலைவர்ங்கற முறையில சொல்றேன். இந்தத் தெருவுல இவ கை படாத கடை கிடையாது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. வாய் நிறைய, முன்கூட்டியே ருசி பார்க்க எடுத்த பன்றிக்கறி. விழுங்கியிருந்தால் நானும் என் பங்குக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஹுலான் வெளுத்துப் போயிருந்தாள். "சித்தி, அப்படியெல்லாம் இல்லைன்னு சொல்லுங்க" என்றாள் மெல்ல.

"பாத்தீங்களா? என்ன அடக்கம்!" என்றாள் சங்ஹூ அம்மா.

"சார், நான் கடையில வேலை செய்யறதே இல்லை. இன்னிக்கு மட்டும்தான்..."

"தன் பெருமையைத் தன் வாயால சொல்ல மாட்டா சார் இவ" என்றார் ஹோங் ஐயா.

கண்ணாடிக்காரர் தலையாட்டினார். "வாடகை வாங்கறீங்களா?"

இங்கே சங்ஹூ அம்மா ஒரு கணம் நின்றாள். சர்க்கார் ஆள் வாடகையைப் பற்றிக் கேட்கிறான். எந்தச் சர்க்கார் என்று பிரித்துப் பார்க்கிற நிதானம் அவளுக்கு இல்லை.

"வாடகையா! பெத்த பொண்ணு மாதிரி இருக்கறவகிட்ட யாராவது வாடகை வாங்குவாங்களா? தங்கறது, சாப்பாடு, கிம்ச்சி, எல்லாம் என்னோடதுதான் சார்."

ஒரே பொய். அதில் பெருமையும் கிடைத்தது, வரிக்கும் தப்பியாயிற்று. குவாக் எழுதுவதை நிறுத்திவிட்டு ஹுலானைப் பார்த்தாள். ஹுலான் கையிலிருந்த கோஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குவாக் மறுபடி எழுதினாள்.

சங்ஹூ அம்மா ஒரு துண்டு கறியைக் கிம்ச்சியில் சுற்றி, "ஆ காட்டும்மா" என்று குவாக் வாய்க்கு நேரே நீட்டினாள். வேலை நேரத்தில் எதுவும் வாங்கக் கூடாது என்று சொல்லி இருவரும் குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள்.

"கவலைப்படாதடி" என்றாள் சங்ஹூ அம்மா. "ஜமாய்ச்சுட்டோம்."

ஹுலான் கையுறையைக் கழற்றி, தண்ணீரில் அலசி, கொடியில் போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். கறி சாப்பிடக் கூட உட்காரவில்லை. ரொம்பக் கூச்சப்படுகிறாள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

கறுப்புக் கோட்டு மறுபடி என் கடைக்கு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"இன்னொரு கம்பெனியாடி?"

"இல்லை, சலவைச் சித்தி. குடியேற்ற ஆபீஸ்ல கூப்பிட்டிருக்காங்க. விளக்கம் சொல்லணுமாம்."

"என்ன விளக்கம்?"

அவள் கோட்டை மேசைமேல் விரித்து, காலரைச் சரி செய்துகொண்டே சொன்னாள். "காலையில கடை தொறக்கறேன். பகல்ல சமைக்கறேன். சாயங்காலம் தெருவுல உள்ள கடைக்கெல்லாம் போறேன். பதிலுக்கு வாடகை இல்லாம தங்கறேன், சாப்பிடறேன். அவங்க கணக்குல இதுக்குப் பேரு அனுமதி இல்லாம வேலை செய்யறது. அப்படி எழுதிட்டா கம்பெனி விசா கிடைக்காது."

"இதுல ஒண்ணாவது உண்மையா?"

"நாலு கோஸுக்கு மசாலா தடவினேன்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். "சங்ஹூ அம்மாகிட்ட சொல்லு. மாசாமாசம் உன்கிட்ட வாடகை எண்ணி வாங்கறவ அவதானே? வந்து சொல்லட்டும்."

"எப்படிச் சித்தி கேக்கறது? நீங்க பொய் சொன்னதை ஆபீஸ்ல வந்து ஒத்துக்கோங்கன்னா? வாடகை வாங்கறது வெளிய தெரிஞ்சா அவங்களுக்கு வேற பிரச்சினை வரும். எனக்கு நல்லது நடக்கணும்னுதானே பேசினாங்க." கோட்டை என் பக்கம் நகர்த்தினாள். "எங்கம்மாவுக்கு இன்னும் சொல்லலை. ஜனவரியிலேருந்து வேலைன்னு அங்க எல்லாருக்கும் சொல்லிட்டாங்க."

அவள் போனதும் கடையைப் பூட்டிவிட்டு எதிர்வாசலுக்குப் போனேன். ஊர் விஷயத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் அன்றைக்குத் தெரு நடுவில் ஒரு தடவை திரும்பிப் போகப் பார்த்தேன்.

சங்ஹூ அம்மா முழுக்கக் கேட்டாள். பிறகு பொரிந்தாள். "நான் என்ன, திருடினான்னா சொன்னேன்? ஓடிப்போனான்னா சொன்னேன்? நல்லவன்னு சொன்னதுக்கு ஊரை விட்டு அனுப்பற ஆபீஸ் எங்கயாவது உண்டா?"

"வாடகை வாங்கலைன்னு சொன்னியே."

"மெதுவாப் பேசு!" என்று கடை வாசலைப் பார்த்தாள். "வாங்கறேன்னு போய்ச் சொன்னா அத்தனை வருஷ வரியையும் கறந்துட மாட்டான்?"

ஹோங் ஐயாவிடமும் போனேன். "நான் பொதுவாத்தானே பேசினேன்" என்றார். "பொதுவாப் பேசினதுக்கெல்லாம் சாட்சி சொல்லப் போனா ஒரு தலைவன் தலைவனா இருக்க முடியுமா?" முழங்கால் வேறு வலிக்கிறதாம். கறிக்கடைக்காரருக்குத் தான் என்ன சொன்னோம் என்பதே நினைவில்லை.

மறுநாள் காலை சங்ஹூ அம்மா கடையில் நின்றிருந்தேன், கருவாடு தீர்ந்துவிட்டது. அவள் மகன் சங்ஹூ கனடாவிலிருந்து பேசினான். அவளுக்குத் தொலைபேசியைக் காதில் வைக்கத் தெரியாது; ஸ்பீக்கரில் போட்டுவிட்டு முள்ளங்கி சீவிக்கொண்டே பேசுவாள். அதனால் அவன் குடும்ப விஷயம் தெருவுக்கே அத்துப்படி. அவனும் அங்கே கல்லூரி முடித்து, படிப்புக்குப் பிறகு கொடுக்கிற அனுமதியில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதிக்கொண்டு, நிரந்தரமாக இருக்க விட மாட்டார்களா என்று காத்திருக்கிறவன்.

நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். மகன் தன் பக்கம் பேசுவான் என்று நினைத்திருப்பாள்.

"அம்மா, இதையெல்லாம் அதிகாரிகிட்டயா சொன்னீங்க?"

"பின்ன? நல்ல விதமாத்தான்டா சொன்னேன்."

"இங்க நான் வாடகைக்கு இருக்கற வீட்டு ஓனரம்மா என்னைப் பத்தி இப்படி நல்ல விதமா நாலு வார்த்தை சொல்லியிருந்தா, இந்நேரம் நான் அங்க உக்காந்து முள்ளங்கி சீவிட்டிருப்பேன்."

"வந்துடேன்டா" என்றாள் சங்ஹூ அம்மா.

அது யோசித்துச் சொன்னதில்லை, வாயிலிருந்து விழுந்துவிட்டது. முள்ளங்கி சீவுகிற கத்தி நின்றுவிட்டது. நான் கருவாட்டு டப்பாவைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

"போய்ச் சொல்லிட்டு வாங்கம்மா" என்றான் அவன், கடைசியில். "அந்தப் பொண்ணு பாவம்."

விளக்கம் சொல்ல வேண்டிய நாளில் சங்ஹூ அம்மா கடைக்கு விடுமுறை விட்டாள். மாமனார் செத்தபோது கூட அரை நாள்தான் அடைத்தாள். கல்யாணங்களுக்குப் போடுகிற ஊதாக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஹுலானோடு புறப்பட்டாள். நானும் போனேன். துணைக்கு ஆள் வேண்டாமா?

சின்ன அறை. குவாக் கணினிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். சங்ஹூ அம்மாவைப் பார்த்ததும் அவளுக்கு ஆச்சரியம். எங்கள் பக்கம் நாற்காலி இரண்டுதான். நான் சுவரோரம் நின்றேன்.

"அன்னிக்கு வாடகை வாங்கறதில்லைன்னு சொன்னீங்களே, அம்மா?"

"வாங்கறேன்."

"எப்பலேருந்து?"

"வந்த நாள்லேருந்து."

"முழுசாவா?"

"முழுசா. குளிர்காலத்துல அறையைச் சூடாக்கறதுக்குத் தனி."

"வங்கி வழியாவா?"

"கையில."

குவாக் தட்டச்சு செய்வதை நிறுத்தினாள். "இதை நான் பதிவு செஞ்சா, வேற ஆபீஸ்லேருந்து உங்களைக் கேள்வி கேக்கலாம். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

சங்ஹூ அம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "தெரியும். எழுதும்மா."

"கடையைத் தொறக்கறது?"

"நான்தான். இவளுக்கு எட்டு மணிக்கு முன்னாடி கண்ணே தொறக்காது." நிறுத்தினாள். ஒரு பெண்ணை அவள் முன்னாலேயே குறை சொல்வது அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை நான் பார்த்தேன். பொய்யாகப் புகழும்போது நாக்கு அப்படி ஓடியது. உண்மை ஒவ்வொரு வார்த்தையாகப் பல்லைப் பிடுங்குகிற மாதிரி வந்தது. "முள்ளங்கி சீவத் தெரியாது. சீவினா கட்டை கட்டையா வரும். கல்லா பக்கம் ஒரு நாளும் நின்னதில்லை, கேட்டாலும் நிக்க மாட்டா. அன்னிக்கு இவ தடவின கோஸை நான் எடுத்து மறுபடியும் தடவினேன்."

ஹுலான் தலை நிமிரவில்லை. கோட்டின் கைமடிப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்போ அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நல்ல பேர் கிடைக்கட்டும்னு."

"யாருக்கு?"

"அவளுக்குத்தான்" என்று உடனே சொன்னாள். அப்புறம் ஊதாக் கோட்டைப் பார்த்துக்கொண்டு, "எனக்கும்" என்றாள்.

குவாக் அதையும் எழுதினாளா என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "அம்மா, கோவிச்சுக்காதீங்க. இவங்களைக் காப்பாத்தறதுக்காக நீங்க இப்போ இப்படி மாத்திச் சொல்றீங்கன்னு எங்க மேலதிகாரி கேட்டா நான் என்ன சொல்லணும்?" என்றாள்.

"இதுதான் நிஜம்னு சொல்லு."

"அன்னிக்கும் இதே மாதிரிதான் சொன்னீங்க."

சங்ஹூ அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவள் தோழி, சாட்சி சொல்லலாம். அன்றைக்கு நானும் அங்கேதான் இருந்தேன், எல்லாம் பொய் என்றேன். குவாக் மரியாதையாக, "நீங்க யாரு?" என்று கேட்டாள். எதிர்க்கடை என்றேன். "அன்னிக்கு நீங்க ஏன் மறுத்துச் சொல்லலை?" என்றாள். கறி தின்றுகொண்டிருந்தேன் என்று ஒரு சர்க்கார் அலுவலகத்தில் சொல்ல முடியுமா?

முடிவு முதல் பனி விழுந்த வாரத்தில் வந்தது. விசா மாற்றம் இல்லை. வீட்டுக்காரியின் முதல் பேச்சும் இரண்டாம் பேச்சும் ஒத்துப்போகவில்லையாம். நம்புவதற்கு வேறு ஆதாரமும் இல்லையாம். கையில் வாங்கிய பணத்துக்கு ஆதாரம் எங்கிருந்து வரும்? ஆனால் அபராதம் இல்லை, திரும்பி வரத் தடையும் இல்லை. ஊருக்குப் போய், அங்கிருந்து புதிதாக விண்ணப்பிக்கலாம். சங்ஹூ அம்மா வந்து பேசியதால்தான் இந்த மட்டிலாவது என்று குவாக் தொலைபேசியில் ஹுலானிடம் சொன்னாளாம். கிரீம் கம்பெனி வசந்தகாலம் வரை காத்திருக்கிறோம் என்றது. கம்பெனிகள் அப்படிச் சொல்கிற குரல் எனக்குத் தெரியும். ஹுலானுக்கும் தெரியும்.

அதே வாரம் வரி அலுவலகத்திலிருந்து சங்ஹூ அம்மாவுக்கும் அழைப்பு வந்தது. அதைப் பற்றி அவள் இன்று வரை ஹுலானிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு மட்டும் சொன்னாள், அதாவது எல்லாருக்கும்.

ஹுலான் புறப்பட்ட காலையில் தெருவே விமான நிலையப் பேருந்து நிற்கிற இடத்துக்கு வந்துவிட்டது. ஹோங் ஐயா கூட முழங்காலைத் தூக்கிக்கொண்டு வந்தார். கறிக்கடைக்காரர் பெட்டியை உருட்டி வந்தார். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் எங்களை நிறுத்தவே முடியாது. ஆளுக்கு ஆள் வாழ்த்துவோம், புகழுவோம், பெரிய முதலாளியாகத் திரும்பி வருவாய் என்போம். அன்றைக்கு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நல்லதாக எதையாவது சொல்லவே பயமாக இருந்தது.

ஹுலான் எல்லாரையும் குனிந்து வணங்கினாள். சங்ஹூ அம்மா முன்னால் வந்ததும் கொஞ்சம் அதிக நேரம் குனிந்தே நின்றாள். "குளிர்ல வெளிய உக்காந்து கீரை அலசாதீங்க, சித்தி" என்றாள். சங்ஹூ அம்மா அவள் கோட்டுப் பொத்தான்களைக் கீழிருந்து மேல் வரை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். அந்தப் பெண் ஒரு குளிர்காலத்திலும் பொத்தான் போட்டதில்லை. அன்றைக்கு மட்டும் மறுக்காமல் நின்றாள்.

பெட்டியை அடித்தட்டில் ஏற்றிய ஓட்டுநர் பேச்சுப் பிரியர். வெளிநாட்டுப் பெண்ணையும் கண் கலங்கி நிற்கிற கிழவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மருமகளா, அம்மா? தாய்வீட்டுக்குப் போறாங்களா?" என்று கேட்டார்.

நாங்கள் எல்லாரும் சங்ஹூ அம்மாவைப் பார்த்தோம்.

"இல்லைங்க" என்றாள். "என் வீட்டு மாடியில வாடகைக்கு இருந்தவங்க."

ஓட்டுநர் "ஓ" என்று சொல்லி அடித்தட்டுக் கதவை மூடினார். ஹுலான் படியில் ஒரு காலை வைத்தபடி அதைக் கேட்டாள். திரும்பி, இன்னொரு முறை குனிந்தாள். ஏறிவிட்டாள்.

அந்தப் பேருந்துகளுக்கெல்லாம் கறுப்புக் கண்ணாடி. எந்தப் பக்கத்து சன்னலில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியவில்லை. நாங்கள் பேருந்து முழுமைக்கும் பொதுவாகக் கையை ஆட்டினோம்.